மஞ்சள் மண்டிக் கணக்கருக்கு நடந்த நினைவாற்றல் சோதனை: ஒரு நிகழ்வு ஆய்வு

நரம்பியல் மருத்துவர் "நினைவாற்றல் சோதனை எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுக்கும்போது, அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை. ஸ்கேன் மாதிரி ஏதோ இயந்திரம் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பரீட்சை என்று பயந்து முந்தின இரவு தூங்காமல் வருகிறவர்களும் உண்டு. இந்த ஆய்வில் வருபவருக்கு அதுகூடச் சொல்லப்படவில்லை. அதனால் என்ன ஆனது, பிறகு சோதனை எப்படி நடந்தது, அதைக்கொண்டு என்ன முடிவு எடுத்தோம் என்பதை வரிசையாகப் பதிவு செய்கிறேன். நான் மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மருத்துவ உளவியலாளர். நோயாளியின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

நோயாளிக்கு வயது 63. பழைய எஸ்.எஸ்.எல்.சி., அதாவது 11 வகுப்பு படித்தவர். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் 40 ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதுகிறார். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை, 10 ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு. வீட்டில் சைவச் சாப்பாடு. மனைவியும் மகளும் உள்ளூரில், மகன் பெங்களூரில்.

தொந்தரவு தொடங்கி ஒன்றரை வருடம் இருக்கும். முதலில் கவனித்தது மண்டி முதலாளி. விரலி மஞ்சளுக்குப் போட வேண்டிய விலையைக் கிழங்கு மஞ்சளுக்குப் போட்டு ஒரு விவசாயிக்குச் சீட்டு போய்விட்டது. இன்னொரு நாள் தரகு கழிக்காமல் முழுப் பணமும் பட்டுவாடா ஆகிவிட்டது. வீட்டில் சொன்னதையே மறுபடி கேட்பது, மின் கட்டணத் தேதியைத் தவற விடுவது, நாலு பேர் உட்கார்ந்து பேசும்போது எதிலும் கலந்துகொள்ளாமல் இருப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஏற்கெனவே வேறு ஓர் இடத்தில் 30 மதிப்பெண்ணுக்கான சிறு சோதனை ஒன்றைச் செய்திருந்தார்கள். 1975-இல் அமெரிக்காவில் உருவாகி, உலகம் முழுக்கப் பத்து நிமிடத்தில் செய்து முடிக்கிற சோதனை அது. 27 வாங்கியிருந்தார். "வயசுக்கு இது சகஜம்" என்று அனுப்பிவிட்டார்கள். மகன் அந்த 27-ஐக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மகளோ இது அல்சைமர்தான் என்று முடிவே கட்டிவிட்டார். அதற்கும் காரணம் இருந்தது: நோயாளியின் தாயார் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் இருந்து இறந்தவர். அண்ணனும் தங்கையும் போனில் சண்டை போட்டு ஓய்ந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் எம்.ஆர்.ஐ.யும் ரத்தப் பரிசோதனைகளும் எழுதிக் கொடுத்து, எங்களிடமும் அனுப்பினார்.

முதல் நாள்: சோதனை செய்யவில்லை

முந்தின நாள் மகள் போன் செய்தார். "அப்பாகிட்ட மறதி டெஸ்ட்டுன்னு சொல்லலீங்க மேடம். சர்க்கரைக்குத்தான் பாக்கறாங்கன்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

முடியாது என்று சொன்னேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஒருவருக்குத் தன் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போது நோயாளி சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இந்தச் சோதனையில் அவர்தான் வேலை செய்ய வேண்டும். எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் அரை மனதோடு செய்வார். அந்த அரை மனதும் காகிதத்தில் மறதியாகத்தான் பதிவாகும்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு வந்தவரைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. நெற்றியில் வேர்வை, கையெழுத்துப் போடும்போது விரல் நடுக்கம். சர்க்கரைப் பரிசோதனை என்று சொல்லியிருந்தார்களே, அதனால் வெறும் வயிற்றில் வந்திருக்கிறார். ஆனால் காலைச் சர்க்கரை மாத்திரையைப் பழக்கதோஷத்தில் காபியோடு போட்டுக்கொண்டுவிட்டார். குத்திப் பார்த்ததில் சர்க்கரை அளவு 66. அந்த நிலையில் யாருக்குச் சோதனை வைத்தாலும் கவனமும் வேகமும் சரிந்துதான் காட்டும். உடனே குளுக்கோஸ் கொடுத்து, பிறகு கேன்டீனில் இட்லி சாப்பிட வைத்தோம். அன்று சோதனை கிடையாது, பேச்சு மட்டும் என்று முடிவு செய்தேன். ஒரு பொய்யால் ஒரு நாள் போனது. கவனிக்காமல் விட்டிருந்தால் தவறான அறிக்கையும் போயிருக்கும்.

சாப்பிட்டுத் தெளிந்த பிறகு, எதற்காக வந்திருக்கிறார் என்பதை மகளை வைத்துக்கொண்டே சொன்னேன். அவருக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை.

"மறதி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? ஒண்ணரை வருசமா பேரேட்டை மூணு மூணு தடவை கூட்டிப் பாக்கறேன். இவங்க எதுக்கு மறைக்கறாங்கங்கறதுதான் வெளங்கல."

இது ஆறுதலாகக் கேட்ட பேச்சு மட்டுமல்ல, மருத்துவத் தகவலும்கூட. அல்சைமரில் பல சமயம் வீட்டார் கவலைப்படுவார்கள், நோயாளி "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். இங்கே நோயாளிதான் முதலில் உணர்ந்து, ஈடுகட்ட வழியும் தேடியிருக்கிறார். இதை மட்டும் வைத்து எதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் குறித்துக்கொண்டேன்.

அடுத்து அவர் கேட்டது: "பாஸா பெயிலான்னு மொதலாளிக்குச் சொல்லுவீங்களா?" அவருடைய பயம் இதுதான். அறிக்கை அவருக்கும், அனுப்பிய மருத்துவருக்கும் மட்டுமே போகும், அவர் எழுத்தில் சம்மதம் தராமல் முதலாளிக்கோ வேறு யாருக்குமோ ஒரு வரிகூடப் போகாது, பாஸ் பெயில் என்று இதில் எதுவும் கிடையாது என்று விளக்கினேன்.

பேச்சின்போது வேறு இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. முதலாவது காது. நான் முகத்தைப் பார்த்துக் கேட்டால் சரியாகப் பதில் சொன்னார். குனிந்து எழுதிக்கொண்டே கேட்டால் "ஆமாங்க" என்று தலையாட்டினார், கேள்வி எதுவாக இருந்தாலும். வீட்டில் டிவி சத்தம் அதிகம் வைப்பாரா என்று கேட்டதும் மகள் சிரித்துவிட்டார்.

இரண்டாவது மாத்திரை. மருந்துச் சீட்டில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளோடு, கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம் இருந்தது. மூன்று வருடமாக எடுக்கிறார். வேறு ஏதாவது எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். கண்ணாடி எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டபோது பாதி தீர்ந்த அட்டை ஒன்று கூடவே வந்தது. குளோர்பெனிரமைன். "அது மருந்தில்லீங்க, தும்மலுக்கு. மண்டித் தூசிக்குப் போட்டே ஆகோணும். கடையில கேட்டா குடுப்பாங்க." காலையில் ஒன்று, மதியம் ஒன்று, எத்தனை வருடமாக என்று அவருக்கே கணக்கில்லை. நினைவைப் பதிய வைக்க மூளைக்கு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வேண்டும். தும்மல் மாத்திரையும் அமிட்ரிப்டிலினும் இரண்டுமே அதன் வேலையைத் தடுப்பவை. ஒன்றே வயதானவர்களை மந்தமாக்கும். இவர் இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்கு முன் எடுத்த முடிவுகள்

காது விஷயத்தில் யோசிக்க எதுவும் இல்லை. அன்றே செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் நடுத்தர அளவு குறை, குறிப்பாக உச்ச ஒலிகளில். சொற்களைக் கேட்டு நினைவில் வைக்கும் சோதனையில், சொல்லே காதில் விழவில்லை என்றால் அளப்பது நினைவை அல்ல. சோதனை நாளில் மாட்டிக்கொள்ள செவித்திறன் பிரிவிலிருந்து ஒரு கருவியை இரவல் வாங்கினோம்.

மாத்திரையில்தான் தயக்கம். எல்லாவற்றையும் நிறுத்தி, உடம்பு தெளிந்த பிறகு சோதிப்பதுதான் சுத்தமான வழி. ஆனால் அமிட்ரிப்டிலினைச் சட்டென்று நிறுத்த முடியாது; படிப்படியாகக் குறைக்க வேண்டும். கால் எரிச்சலுக்கு மாற்று மருந்தும் பழக வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மண்டியில் சீசன் ஆரம்பித்துவிடும். இவர் கையில் தினம் லட்சக்கணக்கில் பணம் புரளும். குடும்பத்துக்கு இப்போதே ஒரு வழிகாட்டுதல் தேவைப்பட்டது. நரம்பியல் மருத்துவரோடு பேசி ஒரு நடுவழி எடுத்தோம். தும்மல் மாத்திரையை அன்றே நிறுத்தி, மூக்கில் அடிக்கும் மருந்தும் முகக்கவசமும் கொடுப்பது. அமிட்ரிப்டிலின் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து சோதனை செய்து, இது தற்காலிகமான அளவு, மருந்து மாற்றிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதுவது. வேறு மருத்துவர்கள் காத்திருந்திருக்கலாம், அதுவும் தப்பில்லை. மாற்றத்துக்கு முன் ஓர் அளவு கையில் இருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும் என்பது எங்கள் எண்ணம்.

சோதனை நடந்த விதம்

இரண்டு காலை வேளைகளாகப் பிரித்துக்கொண்டோம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் போல, நடுவில் டீ. ஊசி இல்லை, வயர் இல்லை. ஒரு மேசை, காகிதம், பென்சில், அட்டைகள், நிறுத்துக் கடிகாரம். மகள் வெளியே உட்கார்ந்தார். வீட்டார் உள்ளே இருந்தால் நோயாளி பதிலுக்கு அவர்கள் முகத்தைப் பார்ப்பார், அவர்களும் வாயசைப்பார்கள். மகளிடம் அன்றாட வேலைகள் பற்றித் தனியாக விசாரித்தோம்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம் சொன்னேன். கேள்விகள் சுலபமாகத் தொடங்கி, முடியாத அளவுக்குக் கடினமாகும். யாராக இருந்தாலும் ஓர் இடத்தில் தடுமாறத்தான் செய்வார்கள், அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்புறம், நடுவில் சரி, தப்பு என்று நான் சொல்லமாட்டேன், முகத்திலும் காட்டமாட்டேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைச் சொல்லாமல் விட்டால், என் மௌனத்தையே தோல்வி என்று எடுத்துக்கொண்டு பாதியில் மனம் விட்டுப்போகிறவர்கள் நிறைய.

100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது 93, 86, 79, 72, 65 என்று நிறுத்தாமல் கொட்டினார். நான் போதும் என்ற பிறகும் 58 என்றார். முந்தைய சோதனையின் 27 எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. அந்த 30-இல் 5 மதிப்பெண் இந்தக் கழித்தலுக்கே போகிறது. நாற்பது வருடம் கூட்டிக் கழித்தே பிழைத்தவருக்கு அது கேள்வியே இல்லை.

அடுத்தது சொற்கள். 'ப' வரிசையில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை முடியுமோ அத்தனை சொல்ல வேண்டும். ஆள் பெயர், ஊர்ப் பெயர் கூடாது. "பற்று, பாக்கி, பணம், பட்டியல்" என்று பத்து நொடிக்குள் நான்கு வந்தன. எல்லாம் பேரேட்டுச் சொற்கள். அதற்கப்புறம் ஒரு நீண்ட இடைவெளி. பிறகு "பழனி, பவானி..." விதியை நினைவுபடுத்தினேன். "ஆமாங்க, ஊர் கூடாது" என்றார். இருபது நொடி கழித்து "பெருந்துறை" என்றார். மண்டியிலும் இதேதான் நடந்தது என்று நினைக்கிறேன். தரகு கழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வேறொன்றைச் செய்துகொண்டிருக்கும்போது அந்த விதி கைநழுவிப் போகிறது.

கடிகாரம் வரையச் சொல்லி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னேன். வட்டம் நன்றாக வந்தது. 12-இலிருந்து எண்களை நெருக்கி எழுதிக்கொண்டே போய், வலது பாதியிலேயே 8 வரை வந்துவிட்டார். நின்று பார்த்தார். அழிக்க ரப்பர் உண்டா என்று கேட்டார். முட்களைப் போடும்போது ஒன்றை 11-க்கும் மற்றதை 10-க்கும் நீட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "பத்து நிமிசம்னா ரெண்டுலல்ல வரோணும்" என்று தானே மாற்றினார். தப்பு வருகிறது, ஆனால் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆள் உள்ளே விழித்துக்கொண்டிருக்கிறார். மதிப்பெண்ணை மட்டும் எழுதினால் இது எங்கும் பதிவாகாது. அதனால்தான் நோயாளி பேசுவதை, அழிப்பதை, முணுமுணுப்பதையெல்லாம் ஓரத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறோம். நோயாளிகளுக்கு இது உறுத்தலாக இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பழகிக்கொள்வார்கள்.

15 சொற்களை ஐந்து முறை வாசித்து, ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லச் சொல்லும் சோதனையும் இருந்தது. அவர் சொன்னவை 4, 6, 7, 8, 9. அரை மணி நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டுக் கேட்டபோது 6. பிறகு ஒரு பெரிய பட்டியலை வாசித்து, எவையெல்லாம் பழைய சொற்கள் என்று கேட்டபோது 15-இல் 13-ஐச் சரியாகப் பிடித்தார். இல்லாத சொல் ஒன்றை மட்டும் இருந்தது என்றார்.

25 வரை எண்களைத் தேடிக் கோட்டால் இணைக்கும் சோதனையில் ஆங்கில எழுத்துகள் வரும் வடிவத்தைத் தவிர்த்து, நிறங்களை மாற்றி மாற்றி இணைக்கும் வடிவத்தைக் கொடுத்தோம். எண்களை மட்டும் இணைத்தபோது மெதுவாக முடித்தார். எண்ணையும் நிறத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தபோது நேரம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. மூன்று இடங்களில் நான் நிறுத்தித் திருத்த வேண்டியிருந்தது. மற்றவை, அதாவது எண்களைத் தலைகீழாகச் சொல்வது, சிக்கலான படத்தைப் பார்த்து வரைவது, படங்களுக்குப் பெயர் சொல்வது போன்றவை புதிதாக எதையும் காட்டவில்லை. மொழி நன்றாக இருந்தது. திட்டமிடல் மட்டும் தடுமாறியது. முதியோர் மனச்சோர்வுக்கான 15 கேள்விகளில் 6 வந்தது, லேசான சோர்வு.

இரண்டாம் நாள் முடிவில், பரவாயில்லை, நினைத்த அளவுக்குப் பயமில்லை என்றார். ஆனால் களைப்பாக இருக்கிறது, மண்டிக்கு லீவு சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னார். பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். சோதனை முடிந்ததும் வேலைக்கோ வண்டி ஓட்டவோ திட்டம் வைக்காமல் இருப்பது நல்லது.

முடிவுகளை எப்படிப் படித்தோம்

ஒருவரின் மதிப்பெண்ணை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே வயது, அதே படிப்பு உள்ள மற்றவர்களோடு ஒப்பிட வேண்டும். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் இந்திய ஆண்கள், பெண்களுக்கு வயது, படிப்புவாரியான அளவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்தினோம். அமெரிக்கக் கல்லூரி படித்தவரின் அளவுகோலில் இவரை நிறுத்தினால் பாதி ஈரோட்டுக்கே நோய் என்று வரும்.

ஒப்பிட்டதில் வேகமும், இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கையாள்வதும், விதியை மனதில் பிடித்து வைப்பதும் தெளிவாகக் குறைந்திருந்தன. நினைவு குறைந்திருந்தது, ஆனால் குறைந்த விதம் வேறு. தானாக எடுத்துச் சொல்லும்போது 6 சொற்கள்தான் வந்தன. கோடி காட்டியதும் 13 வந்துவிட்டன. அப்படியென்றால் சொற்கள் உள்ளே பதிந்திருக்கின்றன, தேடி எடுப்பதில்தான் சிரமம். அல்சைமரில் பெரும்பாலும் பதிவே நிற்காது. அரை மணியில் எல்லாம் கரைந்துபோகும், பட்டியலைக் காட்டினாலும் பழையது எது புதியது எது என்று குழம்புவார்கள்.

எம்.ஆர்.ஐ.யும் இதற்கு ஒத்துப்போனது. மூளையின் வெண்பகுதியில் சிறு ரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்ட தடங்கள், இரண்டு மிகச் சிறிய பழைய அடைப்புகள். நினைவுப் பதிவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ப இருந்தது. ரத்தத்தில் பி12 அளவு 148. 200-க்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். சைவச் சாப்பாடும் சேர்ந்தால் இன்னும் சுலபமாகக் குறையும். கால் எரிச்சலில் ஒரு பங்கு அதனாலேயே வந்திருக்கலாம். அந்த எரிச்சலுக்குக் கொடுத்த மாத்திரை நினைவை மந்தமாக்கியிருக்கிறது. ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

அறிக்கையில் எழுதியது இவ்வளவுதான்: ரத்தக் குழாய் சார்ந்த லேசான அறிவாற்றல் குறைவுக்குப் பொருந்தும் தோற்றம்; மருந்து, பி12, காது, மனச்சோர்வு ஆகிய நான்கும் எந்த அளவுக்குக் கூட்டிக் காட்டுகின்றன என்பதை இப்போது பிரித்துச் சொல்ல இயலாது; அல்சைமரின் வழக்கமான வடிவம் தெரியவில்லை; மாற்றங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்க வேண்டும். நோயின் பெயரை முடிவு செய்வது நரம்பியல் மருத்துவர். எங்கள் அறிக்கை அதற்கு ஒரு சாட்சி, தீர்ப்பு அல்ல.

அறிக்கையை விளக்கிய நாள்

பத்து நாள் கழித்து குடும்பம் முழுவதையும் வரச் சொன்னோம். மகனும் பெங்களூரிலிருந்து வந்தார். முதலில் நோயாளியோடு தனியாகப் பேசி, எதையெல்லாம் பிள்ளைகள் முன் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் சொல்லலாம் என்றார். மனச்சோர்வு பற்றி மட்டும் வேண்டாம் என்றார். அதைத் தவிர்த்துவிட்டுப் பேசினோம்.

மகளுக்கு நிம்மதியும் சந்தேகமும் கலந்திருந்தன. பாட்டிக்கு வந்தது இவருக்கு வராது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது; இப்போது அந்த வடிவம் தெரியவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும் என்றேன். மகனுக்கு 27 என்ற எண் உடைந்ததில் வருத்தம். கணக்குக் கேள்வியில் அப்பா ஒரு இடமும் சறுக்கவில்லை என்று சொன்னபோது கொஞ்சம் ஆறினார்.

அப்புறம் நடைமுறை. வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் சீட்டு போடும்போது இடையில் ஆள் வந்து பேசினால்தான் தவறுகள் வந்திருக்கின்றன. காலை ஏல நேரத்தில் அவர் எழுதும் சீட்டை இன்னொருவர் சரிபார்க்கட்டும் என்றோம். தரகு கழித்தாயிற்றா என்பதற்குச் சீட்டிலேயே ஒரு கட்டம் அச்சடிக்கலாம் என்பது அவர் சொன்ன யோசனை. முதலாளியிடம் என்ன சொல்வது என்பதை அவரே முடிவு செய்தார்: காது மெஷின் மாட்டப் போகிறேன், கொஞ்ச நாள் சரிபார்க்க ஆள் வேண்டும் என்று மட்டும். டிவிஎஸ் எக்ஸெல் வண்டியைப் பகலில், ஊருக்குள் மட்டும் ஓட்டலாம், பெருந்துறை ரோட்டில் வேண்டாம் என்றோம். வண்டி ஓட்டலாமா என்பதைக் காகிதச் சோதனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மகன் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொன்னதையும் சேர்த்துத்தான் இந்த முடிவு.

பத்து மாதங்களுக்குப் பிறகு

இடையில் பி12 ஊசிகள் போட்டு அளவு சரியானது. அமிட்ரிப்டிலினைப் படிப்படியாக நிறுத்தி வேறு மருந்துக்கு மாறினார். கொதிப்பு கட்டுக்குள் வந்தது. காதுக் கருவிகள் இரண்டு வாங்கினார்கள். மண்டி இரைச்சலில் ஒன்றைக் கழற்றிவிடுகிறார் என்று மகள் புகார் சொன்னார்.

இந்த முறை காலைச் சாப்பாடு சாப்பிட்டு, கண்ணாடி, கருவிகளோடு, எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். முன்பு கேட்ட சொற்களையே கேட்டால் பழக்கத்தில் கூடுதலாக வரும் என்பதால் வேறு பட்டியலைப் பயன்படுத்தினோம். ஐந்தாவது முறையில் 12 சொற்கள், அரை மணி கழித்து 10. அவர் வயதுக்கும் படிப்புக்கும் இது சாதாரண அளவுதான். மனச்சோர்வுக் கேள்விகளில் 6 என்பது 2 ஆகியிருந்தது. ஆனால் நிறம் மாற்றி இணைக்கும் சோதனையில் நேரம் கொஞ்சமே குறைந்தது. இன்னும் அளவுக்குக் கீழேதான். 'க' வரிசையில் சொற்கள் 8 வந்தன. அதில் ஊர்ப் பெயர் ஒன்று இருந்தது: கோபி. சொன்ன கையோடு தானே விலக்கிக்கொண்டார்.

நினைவு மீண்டதற்கு நான்கு மாற்றங்களில் எது காரணம் என்று பிரிக்க வழியில்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. ஆராய்ச்சிக்கு அது குறை; நோயாளிக்கு அது சரியான வழி. மீளாமல் நின்ற வேகக் குறைவு சிறு ரத்தக் குழாய் பாதிப்பின் பங்கு என்று நரம்பியல் மருத்துவர் கருதினார். அது திரும்பி வராது. சர்க்கரையும் கொதிப்பும் கட்டுக்குள் இருந்தால் மேலும் போகாமல் தடுத்து வைக்க முடியலாம்.

என்ன மாற்றினோம்

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில் சோதனைக்கு நாள் கொடுக்கும்போதே தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுக்கிறோம். எதற்காக இந்தச் சோதனை என்பதை நோயாளியிடம் மறைக்க வேண்டாம் என்பது அதன் முதல் வரி. வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறது. தும்மல், இருமல், தூக்கம், வயிற்று வலி என்று கடையில் சீட்டில்லாமல் வாங்குவதையும் சேர்த்து எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொல்கிறது. "மருந்துகள்" என்று மட்டும் போட்டால் மக்கள் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. கண்ணாடி, காதுக் கருவி, முந்தைய அறிக்கைகள், கூடவே தினமும் நோயாளியோடு இருக்கும் ஒருவர். இணையத்தில் இந்தச் சோதனைகளைத் தேடிப் பழகிவிட்டு வர வேண்டாம் என்றும் உண்டு. பழகி வந்தால் நல்ல மதிப்பெண் வரும், சிகிச்சை தள்ளிப்போகும். சோதிப்பவர், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம், கேட்டால் தவறில்லை என்ற வரியைச் சேர்ப்பதில் எங்களுக்குள்ளேயே கொஞ்சம் விவாதம் நடந்தது. சேர்த்துவிட்டோம்.

55 வயதைத் தாண்டிய எவருக்கும் சொற்கள் சார்ந்த சோதனைக்கு முன் காதைப் பார்த்துவிடுகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொடங்கும் முன் குத்திப் பார்க்கிறோம். சிறு சோதனையில் நல்ல மதிப்பெண் வந்தும் வீட்டார் கவலையோடு இருந்தால், நோயாளியின் தொழில் என்ன, எந்தக் கேள்வி அவருக்குத் தொழில் பழக்கத்தில் வந்திருக்கும் என்பதை நரம்பியல் மருத்துவருக்கான குறிப்பில் தனியாக எழுதுகிறோம்.

மண்டியில் சரிபார்க்க ஆள் வைத்த ஏற்பாடு இன்னும் தொடர்கிறது. ரொக்கம் கையாளும் பொறுப்பை மட்டும் அவரே முதலாளியிடம் சொல்லி இளையவர் ஒருவரிடம் மாற்றிவிட்டார். அடுத்த சோதனை ஒரு வருடம் கழித்து.